வடக்குச் சுவரின் பதினேழாவது விளக்கு

விழாவுக்குத் தலைமை ஏற்று, வெயிலில் வதங்கி வந்த எங்களை வாய் நிறைய வரவேற்ற மணியன் அய்யா அவர்களே. சங்ககிரியின் சாலைகளில் சக்கரமாய்ச் சுழன்று, இன்று நரைத்த தலையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் லாரித் தொழிலின் மூத்தவர்களே. பிள்ளை எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறானே என்று பெருமூச்சு விட்டுவிட்டு, இன்று அதே பிள்ளைக்குக் கைதட்ட வந்திருக்கும் தாய்மார்களே. எங்கள் ‘சங்ககிரிக் காவலர்’ அணியின் தோழர்களே, தோழியரே. மூன்றாவது வரிசையில் தூணோரம் அமர்ந்திருக்கும் தங்கை கோகிலவாணி அவர்களே. அவர் தோளில் சாய்ந்திருக்கும் ஐந்தாம் வகுப்பு மோனிஷா பாப்பாவே. உங்கள் அனைவருக்கும் இந்தக் குமரகுருவின் தாழ்ந்த வணக்கம்.

அய்யா, அந்தப் பொன்னாடையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பேசி முடிக்கிறேன். அதன் பிறகும் போர்த்தத் தோன்றினால் போர்த்துங்கள். மடித்து உள்ளே வைக்கத் தோன்றினால் அதுவும் எனக்குச் சம்மதமே.

மாநிலத்திலேயே முதல் அணி என்று கோப்பை வந்திருக்கிறது. கொடி கட்டியிருக்கிறீர்கள், கொட்டு அடித்திருக்கிறீர்கள். ஆனால் எதில் முதல் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பெரியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். போனில் ஆடும் ஆட்டம், பெயர் ‘கோட்டைக் காவல்’. ஐம்பது பேர் சேர்ந்தால் ஓர் அணி. கோட்டைச் சுவரில் ஐம்பது மாடங்கள், மாடத்துக்கு ஒரு விளக்கு, விளக்குக்கு ஓர் ஆள். ஆள் ஆட வந்தால் விளக்கு நிமிர்ந்து எரியும். வராத நாளில் சிறு சுடராகக் காத்திருக்கும். அந்த ஆளை அணியிலிருந்து நீக்கினாலோ, அவரே வெளியேறினாலோ மட்டும் விளக்கு அணைந்து, மாடம் இருண்டுவிடும். அணியில் இல்லாதவரும் கோட்டையைப் போனில் பார்க்கலாம். நீக்கும் அதிகாரம் அணித் தலைவருக்கு உண்டு. அந்தத் தலைவர் நான்.

“ஏனுங்க, இதுக்கா மண்டபம் புடிச்சீங்க?” என்று பின்னால் ஒரு பெரியவர் கேட்கிறார். சிரிக்காதீர்கள், நியாயமான கேள்வி. இதற்குத்தான் அய்யா மண்டபம் பிடித்தோம். ஏன் என்பது கேட்டு முடிக்கும்போது தெரியும்.

எனக்கு லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை. காலை ஒன்பதுக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு எட்டுக்குத்தான் எழுவேன். போல்ட் கேட்டு ஒருவர் வருவார், பேரிங் கேட்டு ஒருவர் வருவார். இடைப்பட்ட நேரமெல்லாம் நான் கோட்டையில்தான் இருப்பேன். நாளுக்கு ஆறு மணி நேரம் ஆடியிருக்கிறேன். என்னைப் பெரிய வீரன் என்றார்கள். வீரமா அது? விசிறிக்கடியில் உட்கார்ந்திருக்கும் வசதி.

இன்னொருவரைச் சொல்கிறேன். சென்றாயன். கோகிலவாணியின் கணவர், மோனிஷாவின் தகப்பனார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை. இங்கிருந்து சத்தீஸ்கருக்குப் போனால் திரும்ப ஏழு மாதம், எட்டு மாதம் ஆகும். காட்டுக்குள் சிக்னல் கிடையாது. சிக்னல் இருக்கும் இடத்தில் கம்ப்ரஸர் சத்தத்தில் பேச்சுக் கேட்காது. வண்டி ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நகரும்போது பத்து நிமிடம் கிடைக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் செய்யும் முதல் காரியம் கோட்டைக்கு வந்து விளக்கை நிமிர்த்துவது. வடக்குச் சுவர், பதினேழாவது மாடம்.

பத்து நிமிடக்காரனால் என்ன பயன் என்று கேட்கிறீர்களா? போன தைப் பொங்கலுக்கு முற்றுகைப் போட்டி. ஐம்பது விளக்கும் நிமிர்ந்தால்தான் வாசல் திறக்கும். நாற்பத்தொன்பது நிமிர்ந்துவிட்டது, பதினேழு மட்டும் படுத்தே கிடந்தது. “போச்சு, அந்த ரிக் ஆளால போச்சு” என்று திட்டினோம். நானும்தான் திட்டினேன். நேரம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது வடக்குச் சுவரில் வெளிச்சம். கூடவே ஒரு செய்தி: “மாஸ்ட் மேல ஏறிட்டனுங்க. பத்த வெச்சாச்சு.” சிக்னலுக்காக ரிக் வண்டியின் இருபதடிக் கம்பத்தில் ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் நமக்காக விளக்கை நிமிர்த்தியிருக்கிறார். ஆறு மணி நேரம் ஆடிய நான் அன்று எதில் ஏறினேன்? நாற்காலியில் கால் மேல் கால் போட்டேன்.

மாசி மாதம் வந்தது. போனஸ் பெட்டி வந்தது. ஆண்டு நிறைவுக்கு, ஆட்டத்தை நடத்தும் கம்பெனி அணிக்கு ஒரு பெட்டி வைரம் தரும்; வைரம் என்றால் ஆட்டத்துக்குள் செல்லும் காசு. அன்று அணியில் எத்தனை பேரோ, அத்தனை பங்கு. பங்கு பிரிக்க முந்தின நாள் நம் துணைத் தலைவர் கோகுல்ராஜ் கடைக்கு வந்தான். “அண்ணா, நாலு பேரு வாரத்துல ஒருக்கா எட்டிப் பாக்கறவங்க. நாம ராப்பகலா ஆடறோம். அவங்களுக்கும் சரிபங்குங்களா?” என்றான். தம்பி, தலையைக் குனியாதே. நீ கேட்டது கேள்விதான். அழுத்திய விரல் என் விரல்.

நான்கு பேரை நீக்கினேன். நான்கு மாடம் இருண்டது. மறுநாள் பங்கில் எங்களுக்கு ஆளுக்கு இரண்டு வைரம் கூடுதலாக வந்தது. அதில் நான் என்ன வாங்கினேன் தெரியுமா? கோட்டை வாசலுக்கு ஒரு பச்சை மயில். அது இன்னும் அங்கே நின்று தோகையை ஆட்டிக்கொண்டிருக்கிறது.

அதே நாள் மதியம், பக்கத்து ஊர் இளம்பிள்ளைத் தறிக்கூடத்தில் சேலை மடிக்கும் வேலைக்குப் போக வேண்டிய கோகிலவாணி, போகாமல் என் கடைப் படியில் வந்து நின்றார். கையில் போன், பக்கத்தில் பள்ளிச் சீருடையில் இந்தக் குழந்தை.

“ஏனுங்கண்ணா, எங்க ஊட்டுக்காரரு வெளக்கக் காணோமுங்க. பாப்பா தெனமும் பள்ளிக்கொடம் போறக்கு முன்ன அதப் பாத்துட்டுத்தான் போவா. சின்னதா எரிஞ்சாலும் அப்பா இருக்காருன்னு போயிருவா. இன்னிக்கு மாடமே இருட்டா கெடக்குதுங்க. போன் போட்டாலும் போகலீங்க. அவருக்கு ஏதாச்சும் ஆயிருச்சுங்களா?”

சபையோரே, எனக்கு அது ஆட்டம். அந்த வீட்டுக்கு அது ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறார் என்ற சேதி. வெறும் இரண்டு வைரத்துக்காக அந்தச் சேதியை நான் நிறுத்தியிருக்கிறேன். அதையாவது அப்போதே சொன்னேனா? “நான்தானம்மா நீக்கினேன், அவருக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே” என்று ஒரே வரி. சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வெட்கம் விடவில்லை. “தெரியலீங்க அம்மிணி, கம்பெனிக்காரன் ஏதாச்சும் மாத்தியிருப்பான்” என்று சொல்லிவிட்டு, பில் புத்தகத்தைப் புரட்டுவது போலக் குனிந்துகொண்டேன்.

அந்த வாரம்தான் சத்தீஸ்கர் பக்கம் ஏதோ ஒரு ரிக் வண்டி கவிழ்ந்ததாகச் சேதி வந்தது. எந்த வண்டி என்று யாருக்கும் தெரியவில்லை. நான்கு நாள். நான்கு நாளும் அந்த வீட்டில் யாரும் சோறு ஒழுங்காகத் தின்னவில்லை. குழந்தை பள்ளிக்கூடம் போகவில்லை. வண்டி முதலாளி வீட்டு வாசலுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் இந்தப் பெண் நடையாய் நடந்தார். என் கடை வழியாகத்தான் நடந்தார். நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் சென்றாயன் போன் செய்தார். வேறு வண்டி, அவருக்கு ஒன்றுமில்லை.

அதன் பிறகு நான் அவரைப் போனில் பிடித்து, நான்தான் நீக்கினேன் என்று சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். “பரவால்லீங்கண்ணா. எப்பவோ ஒருக்கா வாரவனுக்குப் பங்கு எதுக்குங்க? நீங்க எடுத்தது நாயந்தானுங்க. ஊட்ல மட்டும் சொல்ல வேண்டாமுங்க. ஊர்க்காரங்களே எடுத்துட்டாங்கன்னு தெரிஞ்சா அவ சங்கடப்படுவா” என்றார். நாயமாம். பறிகொடுத்தவர் சொல்கிறார், பறித்தவன் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதன் பிறகு அவர் கோட்டைப் பக்கம் வரவில்லை.

தங்கையே, அவர் சொல்ல வேண்டாம் என்றார். நான் இன்று சபையில் சொல்லிவிட்டேன். கம்பெனிக்காரன் இல்லை, நான்தான்.

எழுந்துவிட்டீர்களா? உட்காரச் சொல்லாதீர்கள் யாரும். என்னம்மா, இங்கே கேட்கவில்லை. கொஞ்சம் அமைதியாக இருங்கள்... “அந்த நாலு நாளு” என்கிறார். அவ்வளவுதான் சொல்கிறார். ஆமாம் தங்கையே. அந்த நான்கு நாளும் உங்களை என் கடை வழியாக நடக்க விட்டவன் நான். மைக் இருக்கிறது, மாலை இருக்கிறது, மாநிலக் கோப்பை இருக்கிறது. அந்த நான்கு நாளைத் திருப்பித் தர மட்டும் முடியாது.

நான் கேட்கிறேன். நேரம் இருப்பவனுக்குத்தான் வெகுமதி என்றால், நேரமே இல்லாமல் உழைப்பவனுக்கு என்ன மிச்சம்? கல்லாவில் குந்தியிருப்பவனின் ஆறு மணி நேரம் பெரிதா, கம்பத்தில் தொங்குபவனின் நான்கு நிமிடம் பெரிதா? ஒரு நாள் வராவிட்டால் சேர்த்த புள்ளியெல்லாம் போச்சு, ஒன்றிலிருந்து தொடங்கு என்று சட்டம் எழுதும் கம்பெனிக்குக் காடு தெரியுமா, ரிக் தெரியுமா, தறி தெரியுமா? அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் நீக்கினேன். ஆகவே கம்பெனியை விட என் குற்றம் கனமானது.

இன்று இந்த அணி ஒரு தீர்மானம் போட வேண்டும். பங்கு என்றால் ஐம்பது பேருக்கும் சரிபங்கு. யாரையும் நீக்கும் முன் அவருக்கு ஒரு போன். போன் போகாவிட்டால் அவர் வீட்டுக்கு ஒரு நடை. சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள். கோகுல்ராஜ்தான் முதல் கை. எல்லாக் கையும் தெரிகிறது, நன்றி.

இனி ஒன்று பாக்கி. பதினேழாவது மாடத்தில் இன்று ராசிபுரத்துத் தம்பி ஒருவர் இருக்கிறார்; அவர் மேல் குற்றமில்லை. ஐம்பது இடமும் நிரம்பியிருக்கிறது. ஓர் இடம் காலியானால்தான் சென்றாயனை அழைக்க முடியும். கோகுல்ராஜ், தலைவர் பொறுப்பை இப்போதே உன் போனுக்கு மாற்றிவிட்டேன், பார்த்துக்கொள். முதல் அழைப்பு யாருக்கு என்று உனக்குத் தெரியும். வெளியேறுகிறாயா என்று என்னிடம் கேட்கிறது. ஆம் என்று அழுத்துகிறேன். நான்கு வருடம் எரிந்த என் விளக்கு அணைந்துவிட்டது. பொன்னாடையை உள்ளே வையுங்கள் அய்யா.

காது கொடுத்துக் கேட்ட சபைக்கு நன்றி; கோபத்தை அடக்கி நிற்கும் தங்கைக்குத் தலை தாழ்ந்த நன்றி. எட்டு நாளாகச் சென்றாயனிடமிருந்து போன் இல்லை என்று சற்று முன் வாசலில் சொன்னார்கள். மோனிஷா பாப்பா, நாளைக்குக் காலையில் வடக்குச் சுவரைப் பார்க்காதே சாமி. வாசலுக்கு மேலே, மயிலுக்குப் பக்கத்தில், நான் இப்போது காலி செய்த மாடத்தைப் பார். அது இருட்டாகத்தான் இருக்கும். அப்பா வந்து பற்ற வைக்கும்வரை இருட்டாகத்தான் இருக்கும், ஆனால் அது இனி அவருடைய இடம். அவர் எந்தக் காட்டில் இருந்தாலும் நல்லபடியாக இருக்கட்டும். வணக்கம்.