மூன்று விரல் இடைவெளி

அரை மணிக்கு மேல் பேசினால் மேசை மணியை அடித்துவிடுவேன் என்று இப்போதே மணியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டிருக்கும் எங்கள் கார் பந்தய மன்றத் தலைவர் பெர்னடெட் கோசாக் அம்மையார் அவர்களே! இந்தத் தீயணைப்பு நிலையக் கூடத்தை ஆண்டுதோறும் எங்களுக்குத் திறந்துவிடும் பெரியோர்களே! காலையிலேயே வந்து பியரோகிக் கொழுக்கட்டை மடித்து, வெங்காயம் வதக்கி, என் வயிற்றை நிரப்பியும் வாயை அடைக்க முடியாமல் போன தாய்மார்களே! ஏரிக் காற்றிலும் பனியிலும் வந்திருக்கும், நகக்கண்ணில் கிரீஸ் போகாத என் தோழர்களே, தோழியரே! உங்கள் அனைவருக்கும் வாரன் லுட்கேயின் வணக்கம்.

கோப்பை வென்றவரை மேடைக்கு அழைத்துவிட்டு இறங்கு என்றுதான் எனக்கு உத்தரவு. ஆனால் ஓர் உண்மையைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். என்ன டுவெய்ன், அங்கே சிரிப்பு? சிரி, சிரி. உன் பெயரும் இதில் வரும்.

இதோ என் இடுப்பில் தொங்கும் கொக்கி ஸ்பானர். காரின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங்கும், அதன் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாய் நிற்கும் காயிலோவரில், வளையத்தைத் திருகி உயரம் வைக்கும் ஸ்பானர் இது. பதினோரு ஆண்டுகளாக நம் மன்றத்தில் எந்தக் கார் தாழ்ந்தாலும் இந்த ஸ்பானரால்தான் தாழ்ந்தது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் அழகு, மூன்று நுழைந்தால் அவமானம். அந்தச் சட்டத்தை எழுதியது யார்? அடியேன்தான்!

சென்ற ஆண்டு இதே மேடையில் நின்று நடீன் ஹோல்கம் சொன்ன சொல் நினைவிருக்கிறதா? நாள் முழுக்கப் பள்ளிப் பேருந்து ஓட்டி, ஞாயிறுதோறும் பந்தயத் திடலில் வைத்த கூம்புகளுக்கு நடுவே சிவப்புக் காரைப் பறக்கவிடும் நடீன், மூன்று ஆண்டு தொடர்ந்து இரண்டாம் இடம். மைக்கைப் பிடித்தார். "அடுத்த வருஷமும் ஜெயிக்கலேன்னா காரை வித்துடுவேன். எல்லாரும் சாட்சி!" என்றார். கைதட்டியவர்கள் நாம். அந்தக் காரை நான் வாங்குகிறேன் என்று அப்போதே கையைத் தூக்கியவர் டுவெய்ன் பிராட்!

இறுதிப் போட்டிக்கு முந்தின சனிக்கிழமை, மதியம், என் ஷெட். காரைத் தாழ்த்தித் தரச் சொல்லி நடீன் வந்தார். ஜாக்கியில் ஏற்றினேன், ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தைக் கீழே திருகினேன், இறக்கினேன். நான்கு விரல். மறுபடி ஏற்றினேன், திருகினேன், இறக்கினேன். மூன்று விரல். நடீன் அடக்கமாகக் கேட்டார்: "வாரன், ஒரு தடவை முன்னே பின்னே உருட்டிப் பாத்துட்டு அளக்கலாமா?"

நான் என்ன சொன்னேன்? "நான் இதுல முப்பது வருஷம் இருக்கேன் நடீன். நீ போய் காபி போடு."

தோழர்களே! ஜாக்கியிலிருந்து இறங்கிய கார் உடனே உண்மை பேசுமா? தொங்கிய சக்கரங்கள் உள்வாங்கி நிற்கும்; கார் விறைத்துக்கொண்டு உயரமாய்த் தெரியும். நாலு கெஜம் உருண்டால்தான் தன் இடத்தில் உட்காரும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் உருட்டவில்லை. மூன்றாம் முறையும் திருகினேன். இரண்டு விரல்! காபியைக் குடித்தேன், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். நடீன் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கார் ஒரு விரல்கூட நுழையாத அளவுக்குத் தரையோடு தரையாகிவிட்டது.

ஞாயிறு. மூன்று ஓட்டங்களில் சிறந்த நேரமே கணக்கு. முதல் ஓட்டம். மூன்றாவது வளைவில் ஷாக் அப்சார்பருக்கு அமுங்க இடமில்லை. ரப்பர் கட்டையில் போய் இடித்தது. பின்பக்கம் எகிறி, தட்டினாலே நேரம் கூட்டப்படும் கூம்புகளில் நான்கு பறந்தன! வேலியோரம் டுவெய்ன், காரை ஏற்றிப் போக டிரெய்லரோடு நின்றார். இல்லை என்று சொல் பார்க்கலாம், டுவெய்ன்! பட்டைக் கயிற்றைக்கூடப் பிரித்து வைத்திருந்தார்.

"யார் நடீன் இந்தக் கழுத்தறுப்பு வேலையப் பண்ணது?" என்று கத்தினார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். டயரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். நடீன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான்தான் பண்ணேன்," என்றார்.

தாய்மார்களே, அந்த ஒரு சொல்லில் நான் வெட்கிப் போனேன். அன்று சொல்ல எனக்குத் துணிவில்லை. இன்று இருக்கிறது. அதைச் செய்தது நான்! அந்த அம்மையார் அல்ல, நான்!

உணவு இடைவேளை நாற்பத்தைந்து நிமிடம். நடீன் காரை ஜாக்கியில் ஏற்றி, ஸ்பிரிங்கைக் கையால் தொட்டார். கழன்ற வளையலாய் அது சுற்றியது. "ஸ்பானரக் குடு" என்றார். கொடுத்தேன். ஸ்பிரிங் ஆடாமல் அமரும் வரை வளையத்தை மேலேற்றினார். பிறகு கீழே, ஷாக் அப்சார்பரின் உடல் திருகி நுழையும் பிராக்கெட்டில் கொஞ்சம் உள்ளே இறக்கினார். அங்கே இறக்கினால் கார் தாழும், அமுங்கும் இடம் அப்படியே இருக்கும். வேலை முடித்து இறக்கியதும் நான் குனிந்து விரலை நீட்டினேன்.

"கைய எடு வாரன். முதல்ல தள்ளு."

தள்ளினேன்! பன்னிரண்டடி முன்னே, பன்னிரண்டடி பின்னே, வேர்த்து விறுவிறுத்துத் தள்ளினேன். அவர் இருக்கையில் ஏறி அமர்ந்த பிறகு அளந்தேன். மூன்று விரல்.

வேலியோரம் சிரிப்பு வெடித்தது. "இதுக்கு உன் ஸ்கூல் பஸ்ஸையே ஓட்டிட்டு வந்திருக்கலாமே!" என்றார் டுவெய்ன்.

"அதுல ஜெயிச்சா நீ இன்னும் அழுவ," என்று கண்ணாடியை ஏற்றினார் நடீன்.

இரண்டாம் ஓட்டம், கூம்பு ஒன்றுகூட அசையவில்லை. ஆனால் இன்னும் இரண்டாம் இடம்தான். மூன்றாம் ஓட்டம், கடைசி ஓட்டம். அதே வளைவு. கார் அமுங்கியது, தாங்கியது, நிமிர்ந்தது, பாய்ந்தது! பலகையில் எண் எரிந்தது. வினாடியில் பத்தில் ஒரு பங்கு குறைவு. முதலிடம்! டுவெய்ன் பட்டைக் கயிற்றைச் சுருட்டிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சரி சரி, முதலில் ஓடிப்போய்க் கைகொடுத்ததும் அவர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தோழர்களே! உயரம் என்பது விரலுக்கும் வீம்புக்கும் வைப்பதா? விறைத்து நிற்கும்போது அளப்பதா? வளைவிலும் பள்ளத்திலும் அமுங்கி எழ இடம் விட்டு வைப்பதல்லவா உயரம்! இரண்டு விரல் சட்டத்தை எழுதிய நானே இன்று அதைக் கிழிக்கிறேன்!

தலைவர் அவர்கள் மணியில் கை வைத்துவிட்டார். முடித்துவிடுகிறேன். நடீன், மேடைக்கு வாருங்கள். கோப்பை நீங்கள் ஜெயித்தது. அதைத் தலைவர் தருவார். என் கையால் நான் தருவது இந்த ஸ்பானர். இனி நம் மன்றத்துக் கார்களுக்கு உயரம் வைப்பவர் நீங்கள். வசந்தம் வந்ததும் முதல் காராக என்னுடையதைக் கொண்டு வருகிறேன். தள்ளச் சொன்னால் தள்ளுகிறேன்.

பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும், பியரோகி ஆறினாலும் முகம் கோணாத தாய்மார்களுக்கும், அன்று என்னைக் காட்டிக் கொடுக்காத நடீன் ஹோல்கம் அவர்களுக்கும் என் நன்றி. வணக்கம்!