குகைச்சாமி கேட்ட பெண்

எனக்குப் புளிக்கவைத்த மிளகாய் இல்லாமல் சோறு இறங்காது. சாங்ஷா நகரத்துப் பத்திரிகையில் பிழை திருத்தப் போன பிறகும் அந்த ஜாடி என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. வாடை பொறுக்காமல் அறைத்தோழன் வேறு இடம் பார்த்துக்கொண்டான். என் பேச்சைக் கேட்டு நகரத்துக்காரர்கள் சிரிப்பார்கள். ஊருக்குப் போனாலோ பெஞ்சைத் துடைத்து விருந்தாளி போல உட்காரவைப்பார்கள். இரண்டு பக்கமும் எனக்கு ஆள் இல்லை.

எண்பதுகளில் ஒரு கதை எழுதினேன். பத்திரிகை ஆசிரியர் லுவோ படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“மேற்கு ஹுனான் மலைக்காரன்னு சொல்றே. இதுல மலையவே காணோமே தம்பி. உங்க பக்கம் பேய் பிசாசு ஒண்ணுமா இல்ல?”

அவர் கேட்டது நியாயம்தான். எல்லாரும் அப்போது அவரவர் மண்ணின் மாயத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

விடுப்பில் ஊருக்குப் போனேன். சித்தப்பா மகள் ஷுயிங் படுத்திருந்தாள். கன்னம் சிவந்து, கண் பளபளத்து, முன்னைவிட அழகாக இருந்தாள். துணியில் ரத்தம் துப்பினாள். காசநோய் என்று பார்த்ததுமே தெரிந்தது. அதே நோயில் விழுந்து மருந்தில் எழுந்தவர்களை நகரத்தில் பார்த்திருக்கிறேன். சித்தி மூட்டை கட்டித் தயாராக வைத்திருந்தாள்.

“நீ படிச்சவன், சொல்லுப்பா. காலை பஸ்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடவா?”

இப்படிப்பட்ட பெண்களைக் குகைச்சாமி மணம் பேசிவிட்டது என்பார்கள் எங்கள் பக்கத்தில். ஊரே அதை மறந்திருந்தது. நான் மறக்கவில்லை. குகை வாசலில் காணிக்கைக் காகிதம் எரித்துப் பெண்ணைத் திருப்பிக் கேட்கலாம், ஊசி போட்டால் சாமிக்கு ஆகாது என்று பொறுமையாகச் சொன்னேன். ஊசி பற்றிச் சொன்னது மட்டும் என் சொந்தச் சரக்கு.

“அண்ணே, விளையாடாதே,” என்றாள் ஷுயிங். “மூச்சு முட்டுது. என்னைய பஸ் ஏத்திவிடு.”

சித்தி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூட்டையைப் பிரித்தாள்.

விடுப்பை நீட்டித்துக் கோடை முழுவதும் ஷுயிங் பக்கத்திலேயே இருந்தேன். வேறு யாரும் என்னோடு அவ்வளவு நேரம் பேசியதில்லை. கடைசியில் அவளே சாமி வந்து நிற்பதாகச் சொல்லத் தொடங்கினாள். எனக்கு அழுகை வந்தது. ஊர் என்னை மறுபடி சேர்த்துக்கொண்டது போல இருந்தது. இலையுதிர் காலத்தில் இறந்தாள். சிவப்பு மண உடையில் புதைத்தோம். அவளை வைத்து நான் எழுதிய கதையும் அச்சேறியது. லுவோ என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆம், பிழைக்கவேண்டியவளைச் சாகவிட்டது நான்தான். அதை மறைக்கவில்லை. ஆனால் கடைசிவரை அவள் கையை விடாமல் இருந்தவனும் நான்தான் என்பதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், அதிகாரி.

பக்கத்து மலையில் இன்னொரு பெண் படுத்திருக்கிறாளாம். என்ன செய்யலாம் என்று கேட்டு அவள் வீட்டார் எனக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் விட்டால் நாளைக்கே போகவேண்டும். பாவம், அவளுக்கும் ஒரு துணை வேண்டாமா.