‘.திரு’ விலைபோகாத காரணம்

மார்கழியில் விழுப்புரம் சற்றுத் தாமதமாகத்தான் விடியும். பனி வயல்களின் மேல் தாழ்ந்து படிந்திருக்க, கோயில் மணியோசை அதனூடே ஈரமாக வந்து சேரும். பறவைகளும் ஒருமுறை யோசித்த பின்னரே வாய் திறக்கும். செய்ததை எண்ணிப் பார்க்க இதைவிட உகந்த பருவம் இல்லை. அதனால்தான், அம்மா, உங்களை இந்த மாதத்தில் வரச் சொன்னேன். காபி ஆறிவிடும், குடியுங்கள்.

இணைய முகவரியின் கடைசியில் ‘.காம்’ போல வரவேண்டிய ‘.திரு’ ஏன் விலைபோகவில்லை என்று உங்கள் நிறுவனம் எழுதிய அறிக்கையைப் படித்தேன். ‘.காம்’ என்று முடியாததை மக்கள் நம்பவில்லை. கைப்பேசியில் தமிழில் தட்டச்சிடச் சோம்பல். பல படிவங்கள் அதைச் செல்லாத முகவரி என்று தள்ளிவிட்டன. மூன்றும் உண்மை. நான்காவது காரணம் நான்.

2015இல் லூர்து பிரகாஷ் என்னைத் தேடி வந்தார். திண்டிவனத்தில் கணினி மையம் நடத்தியவர், இவ்வட்டாரத்தில் ‘.திரு’ விற்கும் முகவர். ஓராண்டுக்குள் நூறு பெயர் பதிவாகாவிட்டால் முகவர் உரிமை போய்விடும். அதையே நம்பியிருந்த மையத்தையும் மூட வேண்டியதுதான்.

“நம்ம ஜனங்க பூ கட்டிப் பாத்துட்டுதான் சார் கடைக்கே பேரு வெக்கிறாங்க. நீங்க பதிகம் பாடுற வாத்தியாரு. நீங்க கட்டிக் குடுத்தா நம்பிக்கினு வாங்குவாங்க.”

“நீங்கள் கிறித்தவராயிற்றே?”

“நாங்க மாதாகிட்ட சீட்டு போட்டுப் பாக்குறதில்லியா? அம்மான்னா எல்லாம் அம்மாதான் சார்.”

ஒப்புக்கொண்டேன். வெள்ளிதோறும் திருவக்கரை அம்மன் சந்நிதியில் இரண்டு பொட்டலங்கள் கட்டுவேன். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, மற்றதில் செவ்வரளி. பெயர் கேட்பவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம்.

முதலில் வந்தவர்கள் கிளியனூர் துரைக்கண்ணுவும் அவர் மனைவி பாஞ்சாலியும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம். ‘மல்லாட்டை.திரு’ வேண்டுமாம். பழம்பதிகளுக்கும் அடியார்களுக்கும் முன்னே நின்ற சொல் ஒரு மல்லாட்டை மூட்டைக்குப் பின்னே நிற்பதா என்று எண்ணினேன். கோபமில்லை. பொட்டலங்களைக் கட்டினேன். பாஞ்சாலி எடுத்தார். சிவப்பு.

“அம்மா வேணாங்குறா. காமே வாங்குய்யான்னு நான் அப்பவே சொன்னேன்.”

“நீ எங்க சொன்ன? வழியெல்லாம் தூங்கிக்கினு வந்த.”

விழுந்து வணங்கிவிட்டுப் போனார்கள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாதென்பது இங்கே வழக்கம். அதனுள்ளும் செவ்வரளிதான் இருந்தது.

கோழித்தீவனம், ஆழ்துளைக் கிணறு, அழகு நிலையம் என்று அவ்வாண்டில் எண்பத்தாறு பேர் வந்தார்கள். எல்லோரையும் ஒரே விதமாகத்தான் நடத்தினேன்.

ஆடி மாதம் லூர்து பிரகாஷ் திண்டிவனத்திலிருந்து வெறுங்காலோடு நடந்தே வந்தார்.

“நான் வேதக்காரன்னு அம்மாவுக்கு எம்மேல கோவமோ சார்? நடந்து வந்தா மனசு எறங்குவாளேன்னு பாத்தேன். இன்னிக்கி என் சென்டர் பேருக்குக் கட்டுங்க.”

குதிகால் இரண்டும் கொப்பளித்திருந்தன. என் கையாலேயே வேப்பெண்ணெய் தடவிவிட்டேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, வழக்கம்போல் கட்டினேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு எடுத்தார். சிவப்புப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தையில் மையம் மூடப்பட்டது. இப்போது புதுச்சேரியில் யாருடைய கடையிலோ ரீசார்ஜ் செய்துகொடுக்கிறார் என்று கேள்வி.

இவ்வட்டாரத்தில் ஒரே ஒரு பெயர் பதிவானதாக உங்கள் அறிக்கை சொல்கிறது. அது என்னுடையது, என் பதிகங்களுக்காக. அதற்கும் முறைப்படி பூப் பார்த்தேன். விதி எல்லோருக்கும் பொது அல்லவா? அந்த இரண்டு பொட்டலங்களிலும் நந்தியாவட்டை. விடை தெரிந்த கேள்விக்கு அம்மனை அலைக்கழிப்பது முறையன்று.

சற்றுப் பொறுங்கள், பூசை நேரமாகிறது. நாள்தோறும் விளக்கில் லூர்து பிரகாஷுக்கென்று தனியாக ஒரு நெய்த்திரி இடுகிறேன். இதோ, ஏற்றிவிட்டேன். அந்த நல்ல மனிதர்மேல் அம்மனுக்கு என்ன கோபமோ, எனக்குத் தெரியாது, அது தணியட்டும். அவர் குடும்பம் நீடு வாழ்க.