படிச்சுப் படிச்சுச் சொன்னாரு

— நிறுத்து, நிறுத்து. அந்த வரியை முழுங்குற பாப்பா. பின்னாடி இருக்கறவனுக்கு ஒண்ணும் விளங்காது.

— எந்த வரி?

— உனக்கே தெரியும். சரி, விடு. ஆரம்பத்துல இருந்து வா. "என் வீட்டுக்காரர் போய் இன்னியோட பன்னிரண்டு நாள்." அங்க நிறுத்தி மனசுக்குள்ள மூணு எண்ணு. அந்த மூணுக்குள்ள ஜனம் உன் பக்கம் வந்துடும்.

— "என் வீட்டுக்காரர் போய் இன்னியோட பன்னிரண்டு நாள்." ஒண்ணு. ரெண்டு. மூணு.

— வாய்விட்டு எண்ணாதேம்மா.

— யாரு கேக்கப் போறா அண்ணே? எண்பது நாற்காலி இருக்கு, ஒரு ஆள் இல்ல.

— நாளைக்குப் பத்து மணிக்குச் சுவரோரம்கூட இடம் இருக்காது. பன்னிரண்டு நாளா வேலைக்குப் போகாம மில் கேட்டுக்கு வெளிய உக்காந்திருக்காங்களே, அத்தனை பேரும் வருவாங்க. மேனேஜர் மைக்கைத் தொட்டா கூச்சல் போடுவாங்க. நீ நின்னா ஊசி விழுந்தாலும் கேக்கும்.

— அதான் என்னைப் பிடிச்சாங்களா.

— உன்னைப் பிடிக்கல. கேட்டுக்கிட்டாங்க. இங்க பாரு, மொத்தக் கூட்டத்தையும் பாக்காதே, பயந்துடுவ. மூணு முகத்தை எடுத்துக்கோ. இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு, கடைசி வரிசையில ஒண்ணு. அந்த மூணு பேர்கிட்ட மட்டும் பேசு. ஆயிரம் பேர் இருந்தாலும் ஒவ்வொருத்தனும் தன்கிட்ட பேசுறதா நினைச்சுக்குவான். பதினேழு வருஷமா பாதுகாப்பு வகுப்புல நான் பண்ற வித்தை இதான், புரியுதா?

— புரியுது.

— கண்ணுல தண்ணி வந்தா துடைக்காதே. அப்படியே விட்டுடு.

— இதையும் எழுதியிருக்கியா காகிதத்துல?

— கோபப்படாதே. நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். ரெண்டாவது பக்கம் வா.

— "அன்னிக்குக் கழிவுத் தொட்டியைக் கழுவ இறங்கின பெரியவர் மயங்கி விழுந்தாரு. அவரைத் தூக்க லோடுமேன் தம்பி இறங்கினாரு. அவரும் மேல வரல. ரெண்டு பேரையும் தூக்க என் வீட்டுக்காரர் இறங்கினாரு."

— அருமை. அப்படியே குரலை இறக்கு. ம், அடுத்தது.

— "உள்ள ஒருத்தன் விழுந்தா அவன் பின்னாடி இறங்காதே, அங்க காத்தே கிடையாது, வெளியில நின்னு ஆளைக் கூப்பிடுன்னு எங்க அண்ணன்."

— ம்.

— "எங்க அண்ணன்."

— "திங்கட்கிழமை வகுப்புல அத்தனை பேருக்கும் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு." ஒரே மூச்சுல வரணும் பாப்பா. "கேட்டும் இறங்கினாரு. பாசம் அவரை இறக்கிடுச்சு. இதுல யார் மேலயும் பழி இல்ல." இந்த மூணு வரிக்காகத்தான் கூட்டமே. இதைக் கேட்டா எல்லாரும் வேலைக்குத் திரும்பிடுவாங்க.

— இந்த மூணு வரி யார் எழுதினது?

— மேனேஜர்.

— எழுத்து உன்னோட எழுத்தா இருக்கு.

— அவர் சொன்னாரு, நான் எழுதினேன். ஏன் இப்படிக் குடையற?

— எந்தத் திங்கட்கிழமை சொன்ன?

— என்னது?

— படிச்சுப் படிச்சுச் சொன்னேன்னு போட்டிருக்கே. ஒருத்தன் எழுந்து எப்போன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?

— யாரும் கேக்க மாட்டாங்க. துக்க வீட்டுக்காரிகிட்ட எவன் கேள்வி கேப்பான்?

— நான் கேக்கறேன்.

— பாப்பா, நான் இந்த மில்லுல சேர்ந்த நாள்ல இருந்து அது பாடத்துல இருக்கு. புத்தகத்துலயே இருக்கு, ஆறாவது பக்கம். வேணும்னா கொண்டு வந்து காட்டறேன்.

— புத்தகத்துல இருக்கட்டும். உன் வாயில இருந்துச்சா?

— நீ என்ன பேசற?

— அண்ணே, அவரு திங்கட்கிழமை வேலை முடிஞ்சு வந்தா கைகால்கூடக் கழுவ மாட்டாரு. நேரா அடுப்படிக்கு வந்து நின்னு, நீ பேசின அத்தனையும் ஒண்ணு விடாம பேசிக் காட்டுவாரு. நீ தொண்டையைச் செருமறது, மூக்குக் கண்ணாடியைத் தூக்கி விடறது, சிரிப்பு அடங்கற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறது, எல்லாம். "மச்சான் இன்னிக்குக் கலக்கிட்டாரு"ன்னு அவ்வளவு பெருமை. எட்டு வருஷம் உன் வகுப்பை நான் முழுசாக் கேட்டிருக்கேன். தொட்டியைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்ல.

— மாப்பிள்ளை அந்தப் பகுதியை விட்டிருப்பாரு. சுவாரசியமா இருந்திருக்காது.

— நீ இருமினதைக்கூட விடாத மனுஷன் அவரு.

— விளக்கைப் போடு. இருட்டிக்கிட்டு வருது.

— விளக்கு எரியுது அண்ணே. உக்காரு. இப்படி உக்காரு.

— முன்னாடி சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். சத்தியமா சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன்.

— ம்.

— சாப்பாடு முடிச்ச உடனே வகுப்பு. ஆறாவது பக்கத்துக்கு வந்தா பாதிப் பேர் தூங்கிடுவான். வாயு, அளவு, அளக்கற கருவின்னு ஒரே வறட்சி. நம்ம மில்லுல அந்தக் கருவியே கிடையாது, எதைக் காட்டறது? ஒரு தடவை மேனேஜர் பின்வரிசையில வந்து உக்காந்தாரு. அன்னிக்குப் பார்த்து நாலு பேர் குறட்டை விட்டான். எனக்கு மானம் போயிடுச்சு. அடுத்த வாரம் அந்தப் பக்கத்தைத் தள்ளிட்டு, ஹெல்மெட் கதையை நீட்டிச் சொன்னேன்.

— பொண்டாட்டி கரண்டியை ஓங்கினாலும் ஹெல்மெட் இருந்தா ராஜா. அதானே?

— கூரை பிச்சுக்கிட்டுப் போச்சு சிரிப்பு. மேனேஜர் முதுகைத் தட்டிக் கொடுத்தாரு. வழியில பாக்கறவன் எல்லாம் "அண்ணே, அதைச் சொல்லுங்க"ன்னு கேட்டான். அப்புறம் எப்படி ஆறாவது பக்கத்துக்குத் திரும்பறது? ஜனம் என் கையில இருந்துச்சு பாப்பா. அந்த ருசி விடல என்னை.

— எத்தனை வருஷமா அந்தப் பக்கத்தை விட்ட?

— ஒம்போது.

— அப்போ அவரு ஒரு தடவைகூடக் கேட்டதில்ல.

— இல்ல. மாப்பிள்ளை கேட்டதில்ல. லோடுமேன் கேட்டதில்ல. அந்தப் பெரியவர் பழைய ஆளு, அவர் மட்டும் கேட்டிருக்கலாம். ஆனா அவரு தெரிஞ்சா இறங்கினாரு? தொட்டியைக் கழுவச் சொன்னாங்க, இறங்கினாரு. பின்னாடி போன ரெண்டு பேரை நான் காப்பாத்தியிருக்கலாம். ஒரு வரிதான். "பின்னாடி இறங்காதே." ரெண்டே வார்த்தை.

— கூட நின்ன பையன் எங்க வீட்டுக்கு வந்திருந்தான், கேட்டியா? அவரு உடனே இறங்கலையாம். தொட்டி வாசல்ல ஒரு நொடி நின்னாராம். நின்னு, ஹெல்மெட் வாரை இறுக்கிக்கிட்டு இறங்கினாராம்.

— சொல்லாதே.

— நீ சொன்னதைத்தான் செஞ்சிருக்காரு. அத்தனையும் அவருக்கு ஞாபகம் இருந்திருக்கு.

— பாப்பா, போதும்.

— எனக்கும் போதும்னுதான் இருக்கு. ராத்திரி கண்ணை மூடினா அந்த வாரை இறுக்கற கைதான் வருது. உன்னைத் திட்டலாம்னு வந்தேன். பார்த்தா திட்ட வரல. கூடப் பொறந்துட்ட.

— அடி. செருப்பைக் கழட்டி அடி. நான் தடுக்க மாட்டேன்.

— அடிச்சா உனக்குத்தான் ஆறுதல்.

— இன்னிக்குத்தான் இதை முதல் தடவையா வாய்விட்டுச் சொல்றேன். உன் அண்ணிகிட்டக்கூட சொல்லல. மேனேஜருக்குத் தெரியும். அவரும் பின்வரிசையில உக்காந்து சிரிச்சவர்தானே. அதனாலதான் இந்தக் காகிதம். அவருக்கும் பாதுகாப்பு, எனக்கும் பாதுகாப்பு. பழியைச் செத்தவங்க தலையில கட்டிட்டுக் கை கழுவறது. நானும் சரின்னுட்டேன். உன்னை வெச்சே சொல்ல வைக்கலாம்னு யோசனை கொடுத்ததும் நான்தான்.

— அது எனக்குத் தெரியாது.

— தெரிஞ்சுக்கோ. எல்லாம் தெரிஞ்சுக்கோ. இப்போ சொல்லு, நாளைக்கு அந்த வரியைச் சொல்லுவியா? சொல்லலைன்னா வேலை போகும். போலீஸ் வரும். மூணு சாவு, லேசுல விட மாட்டாங்க. நான் உள்ள போனா உன் அண்ணி என்ன பண்ணுவா? நீ சொல்றபடிதான் இனிமே. சொல்லுவியா, மாட்டியா?

— தண்ணியைக் குடி முதல்ல.

— பதில் சொல்லு பாப்பா.

— நான் நாளைக்குப் பேசல அண்ணே. காலையில பெரியவர் சம்சாரத்தையும் லோடுமேனோட அம்மாவையும் பார்த்துட்டுத்தான் இங்க வந்தேன். முன்வரிசையில வந்து உக்காருங்க, எங்க அண்ணன் எழுந்து நின்னு நடந்ததை மறைக்காம சொல்லுவாருன்னு ரெண்டு பேர் கையிலயும் அடிச்சு சத்தியம் பண்ணிக் கொடுத்துட்டு வந்திருக்கேன்.