அந்தச் சேனலில் மட்டும் புள்ளி

காபியில் சர்க்கரை கூடிப்போயிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் சார். விருந்தாளி என்றால் என் மனைவி அமிர்தவல்லிக்குக் கை தாராளமாகிவிடும். மெதுவாகவே குடியுங்கள். நான் எங்கும் ஓடிப்போகிற ஆள் இல்லை. கருவடிக்குப்பத்தில் கலியமூர்த்தி கேபிள் என்று யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள்.

டிவி பார்ப்பவர்களைக் கணக்கெடுக்கும் கம்பெனியிலிருந்து வந்திருக்கிறீர்கள். புதுச்சேரியில் நீங்கள் மீட்டர் பெட்டி வைத்த வீடுகளில், பிரேம்குமாரும் சரிதாவும் நடித்த காமெடித் தொடர்களை மட்டும் ஏன் யாருமே பார்க்கவில்லை என்று கேட்கிறீர்கள். போட்டிச் சேனல் எனக்கு எவ்வளவு கொடுத்தது என்றும் கேட்டீர்கள். அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நான் ஒரு பைசா வாங்கவில்லை. செய்தது நான்தான். பிரியத்தில் செய்தேன்.

கல்லூரியில் நாங்கள் மூவரும் ஒரே நாடகக் குழு. அவர்கள் இருவரும் நடிப்பார்கள், நான் திரை இழுப்பேன். பிறகு அவர்கள் கல்யாணம் செய்துகொண்டு இந்த வீட்டு மாடியில்தான் குடியிருந்தார்கள். சென்னையில் வாய்ப்பு வந்ததும் போய்விட்டார்கள். மாடியை நான் வேறு யாருக்கும் விடவில்லை.

முதல் தொடரின்போது நான் ஒன்றுமே செய்யவில்லை சார். அந்த வருட மழையில் என் ஆம்ப்ளிஃபயர் நனைந்து, அந்தத் தொடர் வரும் சேனல் மட்டும் புள்ளி புள்ளியாக வந்தது. சோம்பலில் அப்படியே விட்டுவைத்திருந்தேன். சில வாரங்களில் தொடர் நின்றது. சென்னையில் ஓரளவு பார்க்கிறார்கள், சின்ன ஊர்களில் சுத்தமாகப் பார்ப்பதில்லை என்று சேனலில் சொன்னார்களாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சின்ன ஊர்க் கணக்குக்காக நீங்கள் இங்கே வைத்த பெட்டிகள் ஏறக்குறைய எல்லாமே என் லைனில்தான் இருந்தன. எந்த வீட்டில் இருக்கிறது என்பது ரகசியம்தான், ஆனால் பெட்டி வைக்க வந்த உங்கள் ஆட்களே கேபிளைச் சரிபார்க்க என்னைத்தானே கூப்பிட்டார்கள்.

பெட்டி படுக்கையோடு இருவரும் திரும்பி வந்தார்கள். சாப்பிட்ட பிறகு மனசு கேட்காமல், ஒளிபரப்பாகாமல் போன ஒரு கதையை எங்களுக்கு நடித்துக் காட்டினார்கள். கணவன் மனைவிக்குத் தெரியாமல் வாங்கிய மிக்ஸியை ஆபீஸ் பையில் ஒளித்துக்கொண்டு வருகிறான். சரிதா ஒரு வார்த்தை பேசாமல், பையையே பார்த்துக்கொண்டு வெங்காயம் உரிப்பாள். அவ்வளவுதான். எனக்கு மூச்சு நின்றுவிடும் போலச் சிரிப்பு. அன்றைக்கு இருந்த சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இல்லை.

அவர்கள் மறுபடி சென்னைக்குப் போய் அடுத்த தொடர் வந்தபோது, அது ஓடும் அரை மணி நேரத்துக்கு மட்டும் கண்ட்ரோல் ரூமில் அந்தச் சேனலின் திருகாணியைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன். துணிக்கடை பக்ருதீன் பாய் போன் செய்தார்.

"என்னா கலியமூர்த்தி, அந்தச் சேனல் மட்டும் புள்ளி புள்ளியா வருது. எம் பொண்ணு அந்த நாடகத்தப் பாக்கணும்னு அழுவுறா."

"மேலேர்ந்தே அப்படித்தான் வருது பாய்" என்றேன். கேபிள்காரர்கள் எல்லாரும் சொல்வதுதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டிலும் உங்கள் பெட்டி இருந்தது. அவர் போன்கூடச் செய்யவில்லை, பிரெஞ்சு சேனலுக்குப் போய்விட்டார்.

கண்ட்ரோல் ரூம் டிவியில் புள்ளி வராது சார். நான் ஒருவன் மட்டும் தெளிவாகப் பார்த்தேன். இவ்வளவு நன்றாக நடிக்கிறார்களே என்று பெருமையாக இருக்கும்.

அந்தத் தொடரும் நின்றது. வந்தார்கள், நடித்துக் காட்டினார்கள். ஒருநாள் சாப்பிடும்போது சரிதா அமிர்தவல்லியிடம் சொன்னாள்: "ஒரு நாடகமாவது ஒரு வருஷம் ஓடட்டும்க்கா, அப்பறம் புள்ள பெத்துக்கறேன். வயித்தத் தள்ளிக்கிட்டுப் போனா எந்த டைரக்டரு வச்சிக்குவாரு?"

எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். நான் பக்கத்தில் உட்கார்ந்துதான் மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதையும் நான்காவதையும் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான்காவது நின்ற பிறகு அவர்கள் சென்னைக்குத் திரும்பவில்லை. கோரிமேட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் சரிதாவை நான்தான் காரில் அழைத்துப்போனேன். அந்த அம்மா வயதைக் கேட்டுவிட்டு, "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமேம்மா" என்றார். திரும்பும் வழியெல்லாம் சரிதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. நான் கல் நெஞ்சக்காரன் இல்லை.

பிரேமுக்கு என்னிடமே வேலை போட்டுக் கொடுத்தேன். புகார் போன்களை அவன்தான் எடுக்கிறான். "மேலேர்ந்தே அப்படித்தான் வருதுங்க" என்று அவன் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சொல்வதைப் பார்த்தால் நீங்களே சிரித்துவிடுவீர்கள்.

இதையெல்லாம் அவர்களிடம் சொல்லத்தான் வேண்டும் என்கிறீர்கள். சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. இன்றைக்கு மட்டும் வேண்டாம். கடைசித் தொடரில் ஒளிபரப்பாகாத ஒரு கதை மிச்சம் இருக்கிறது, சாயங்காலம் மாடியில் நடிக்கிறார்கள். குழந்தைக்குப் பெயர் வைக்கும் கதை. சரிதா தலையணையை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவாள், பிரேம் அதன் காதில் பெயர் சொல்லப்போய்ப் பெயரை மறந்துவிடுவான். கெஞ்சிக் கேட்டுத்தான் சம்மதிக்க வைத்திருக்கிறேன்.

நீங்களும் இருந்து பார்த்துவிட்டுப் போங்கள் சார். பாவம், எவ்வளவு நல்ல நடிகர்கள். பார்க்கத்தான் ஆள் இல்லை.