கரும்பானையில் ஊற்றிய தண்ணீர்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஜெயஷீலா அம்மையார் அவர்களே, உலகத்து மட்பாண்டப் படங்களை ஊரார் பார்வைக்கு விரித்திருக்கும் நூலக நண்பர்களே, பெரியோர்களே, வீட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, மூன்றாவது வரிசையில் கைகட்டி அமர்ந்திருக்கும் என் அப்பா இன்பமணி அவர்களே! வணக்கம்.

சிரிக்காதீர்கள். வீட்டில் அப்பாவின் முன்னால் எனக்கு வாய் வராது. இன்று ஒலிபெருக்கி கிடைத்திருக்கிறது, விடுவேனா?

மெக்சிகோ நாட்டின் வஹாக்கா மாநிலத்துக் கருமண் கலங்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். அந்தக் கரை நமக்குத் தொலைவா? எனக்கு இல்லை. கப்பலில் ஃபிட்டராகப் போன என் அண்ணன் டிக்சன், அங்கே பானை வனையும் அராசெலியை மணந்து அங்கேயே தங்கிவிட்டான். மூன்று கிறிஸ்துமஸ் போயிற்று. அப்பா அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் அழைத்தால் அம்மா மொட்டைமாடிக்குப் போய் மெல்லப் பேசுகிறாள். நானோ, வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும் அவனோ என்று எட்டிப் பார்க்கிறேன்.

அந்தக் கருமை எங்கிருந்து வருகிறது? சாயமா? மையா? இல்லை, புகை! கவிழ்த்த தட்டின்மேல் இன்னொரு தட்டை வைத்து, கையால் சுழற்றிக் கலத்தை வளர்க்கிறார்கள். பாதி காய்ந்ததும் படிகக்கல்லால் தேய்க்கிறார்கள், தோள் வலிக்கத் தேய்க்கிறார்கள். பிறகு புகை வெளியேறாமல் சூளையை மூடிவிடுகிறார்கள்.

அப்படியொரு பானையை அண்ணன் அனுப்பினான். அப்பாவோ தோணிப் பலகை இடுக்கில் பஞ்சடைத்து ஒழுக்கை நிறுத்துகிறவர். எதைக் கொடுத்தாலும் தண்ணீர் ஊற்றித்தான் பார்ப்பார். ஊற்றினார். விடிந்தபோது மேசை நனைந்திருந்தது.

“ஒழுகுத பானைய அனுப்பிருக்காம்ளா. அங்கன அவன் பொழப்பும் இப்படித்தான் இருக்கும்.”

அம்மாவின் போனில் அண்ணியிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பை அண்ணன்தான் தமிழாக்கினான்: “தண்ணியா ஊத்துனாங்கன்னு கேக்கா. மினுக்கம் வேணும்னா சீக்கிரம் நெருப்ப நிறுத்தணுமாம், அதுல தண்ணி நிக்காது. நிக்கணும்னா இன்னும் வேகணும், மினுக்கம் போயி சாம்ப நெறமாயிரும். ரெண்டும் செய்வா. எது வேணும்னு மாமா ஒரு வார்த்த கேக்கலியேங்கா.”

ஒரு வார்த்தை! அவையோரே, பழுது பானையிலா? படைத்தவளிடமா? கேட்காமலே இருந்த நம்மிடமா?

அப்பா, என்னைப் படிக்க வைத்தீர்கள். நம் வீட்டின் முதல் பட்டதாரி கேட்கிறேன். அண்ணனிடம் கேளுங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். ஏன் போனாய் என்று கேளுங்கள். கோபமாகவாவது கேளுங்கள்!

அப்பா எழுந்துவிட்டார். பின்வரிசையில் யாரது, “அண்ணாச்சி, போயிராதிய” என்பது? கொஞ்சம் பொறுங்கள், ஏதோ கேட்கிறார். என்னப்பா?

“ஏளா, அங்கன இப்ப மணி என்ன?”

காலை ஆறரை, அப்பா! அண்ணன் எழுந்திருப்பான்.

அம்மையார் அவர்களே, இன்னும் நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். மன்னியுங்கள், அப்பாவுக்கு அண்ணனின் போன் எண்ணை அழுத்திக் கொடுக்க வேண்டும். செவி கொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி, மாலை வணக்கம்!