ஒரே ஒரு பக்கம், வெர்னா

இல்ல இல்ல, உக்கார வரல வெர்னா. சொன்னேனே, ஒரே ஒரு பக்கம். இந்தப் பென் டிரைவ்ல இருக்கு. நம்ம கவுண்டிக் கண்காட்சிப் போட்டிக்கு விண்ணப்பம். நாலு மணிக்குள்ள ஆபீஸ்ல குடுத்தாகணும். அடிச்சுக் குடுத்துடுங்க, போயிடறேன். அப்புறம் இன்னொரு நாலு வருஷம் நீங்க என் மூஞ்சியில முழிக்க வேணாம்.

செருப்பு வாசல்லயே இருக்கு. கழட்டாம உங்க வீட்டுக்குள்ள வர்றவளா நான்?

இவ வீட்டுல பிரிண்டர் இல்லையான்னுதான பாக்குறீங்க? இருக்கு. போன கிறிஸ்துமஸுக்கு மகன் வாங்கி அனுப்பினான். கறுப்பு எழுத்துல ஒரு பக்கம் அடின்னேன். மஞ்ச மை தீந்துபோச்சு, அடிக்க மாட்டேன்னுது. நான் கேட்டது கறுப்பு! கறுப்பு மை கழுத்து வரைக்கும் இருக்கு. முப்பத்தோரு வருஷம் ஏழாங் கிளாஸ் பிள்ளைங்களுக்கு இலக்கணம் நடத்தினவ நான். ஏட்டிக்குப் போட்டியா பதில் சொன்னவங்க எத்தன பேரு. இப்படி ஒருத்தனும் சொன்னதில்ல.

சரி, கம்பெனிக்காரங்களக் கேப்போம்னு போனா, அங்க மனுஷன்னு யாருமே இல்ல. சன்னின்னு பேராம், பதில் சொல்ற மிஷின். ஆர்டிஸ்னு என் பேரச் சொல்லிக் கூப்பிட்டு, உங்களுக்கு உதவறதுல எனக்கு ரொம்ப ஆனந்தம்ங்குது. எனக்கு மஞ்ச மை வேணாம்னு எழுதினேன். மஞ்ச மை வாங்க இங்க அமுக்குங்கங்குது. மறுபடி எழுதினேன், கமா, முற்றுப்புள்ளி எல்லாம் வச்சு. அதுக்கும் ஆனந்தம்தான். அப்புறம் திடீர்னு, நான் மனுஷிதானான்னு அதுக்குச் சந்தேகம் வந்துடுச்சு. மிஷின் என்னப் பாத்துக் கேக்குது! ஒம்பது படத்தக் காட்டி, டிராஃபிக் லைட் இருக்கறதயெல்லாம் தொடுன்னுது. ஒரு படத்துல விளக்கு இல்ல, அதோட கம்பம் மட்டும் இருக்கு. கம்பம் விளக்குல சேருமா? நீங்களே சொல்லுங்க. சேராது. அதனால தொடல. மூணு தடவையும் நான் மனுஷி இல்லன்னுடுச்சு.

சிரிச்சீங்க. இல்ல, சிரிச்சீங்க, பாத்துட்டேன்.

அட, இன்னும் இந்தப் பழைய பிரிண்டர்தானா? வயரோட! ஒரு கேள்வி கேக்காது, பாஸ்வேர்டு கேக்காது. பக்கவாட்டுல சொருகுங்க. ஏறலையா? திருப்பிச் சொருகுங்க. அதுவும் இல்லையா? முதல்ல சொருகின மாதிரியே சொருகுங்க. ஆங். எப்பவும் அப்படித்தான்.

மணி மூணே கால். கார்ல பத்து நிமிஷம், பரவாயில்ல.

என்ன? ஆமா, வெள்ளரிக்கா ஊறுகா பிரிவுதான். நாலு வருஷமா முதல் பரிசு நீல ரிப்பன் எனக்குத்தான், கேள்விப்பட்டிருப்பீங்க. போன வருஷம் மொத்தமே மூணு ஜாடி. ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு பல் டாக்டரோடது. சர்க்கரையா அள்ளிப் போட்டிருந்தாரு, பல் டாக்டரு! மூணாவதுக்கு மூடியெல்லாம் துரு. நடுவரு என் ஜாடியத் தெறக்கும்போதே கொட்டாவி விட்டாரு. வீட்டுக்கு வந்து ரிப்பன ஃப்ரிட்ஜ் கதவுல மாட்டினேன். அந்த ஃப்ரிட்ஜும் பேசும், சொன்னேனா? கதவு தெறந்திருக்கு, கதவு தெறந்திருக்குன்னு. அன்னைக்கு அந்த வீட்டுல என்கிட்டப் பேசினது அது ஒண்ணுதான்.

அந்த அளவுகோல் பேச்ச எடுக்கறீங்க. எடுப்பீங்கன்னு தெரியும். சரி, பேசிடுவோம். ஊறுகாக்கு மேல அரை அங்குலம் இடம் விடணும்ங்கறது விதி. நாலு வருஷம் முன்னாடி உங்க ஜாடியில அரைக்கு மேல ஒரு நூல் அளவு கூட இருந்துச்சு. அளந்தேன். நடுவர்கிட்டச் சொன்னேன். உங்க ஜாடியப் போட்டியிலேர்ந்து தள்ளி வச்சுட்டாங்க. அளந்தது சரிதான். சொன்னதுதான்... கம்பம் விளக்குல சேராது, வெர்னா. ஆனா மத்தவங்கல்லாம் பேசாம அதையும் தொட்டுட்டுப் போயிடறாங்க. எனக்கு அது வரல.

அதோ, கரகரன்னு ஆரம்பிச்சிடுச்சே! மஞ்சளும் கேக்கல, ஆனந்தமும் படல. வந்துடுச்சு, எடுங்க.

என்ன அப்படிப் பாக்குற? பேரு சரியாத்தான் போட்டிருக்கேன். வெர்னா ஹால்வர்சன், வெள்ளரிக்கா ஊறுகா. என்னோடதா? அத போன வாரமே குடுத்துட்டேன், மஞ்ச மை இருந்தப்ப. இது உன்னோடது. கண்காட்சிக்குத்தான் நீ வர்றதில்ல. ஊறுகா போடறத விடலையே. உன் சமையக்கட்டு ஜன்னல்ல ஜாடி வரிசையா நிக்கறது என் வீட்டுலேர்ந்தே தெரியுது.

கையெழுத்து மட்டும் பேனாவாலதான் போடணுமாம், மிஷின் போட்டா செல்லாதாம். நல்ல விதி. இந்தா பேனா. அந்தக் கோட்டு மேல போடு, கீழ போயிடாத. கார நான் ஓட்டறேன்.

அளவுகோலா? கைப்பையில இருக்கு, எங்க போகும்? ஆபீஸுக்குப் போயிட்டு வந்து ஜாடியெல்லாம் எடுத்து வை. ஒரு நூல் கூட இருந்தாலும் சொல்லத்தான் போறேன். இந்தத் தடவ உன்கிட்டச் சொல்றேன்.